ஊமத்தங்குளத்துப் பந்தி

சத்தியம். முதலிலேயே நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிடுகிறேன்; பிறகு கிழவன் கயிறு திரிக்கிறான் என்று யாரும் வாய்க்குள் முணுமுணுக்கக் கூடாது. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், இனிமேல் நான் உட்காருகிற எந்த இலையிலும் உப்புக்கூட விழாமல் போகட்டும். ஆவுடைநாயகத்தின் மண்டைக்குள் ஓடியது உனக்கெப்படித் தெரியும் என்பீர்கள். மின்வாரியத்தில் வீடு வீடாக ரீடிங் எடுத்து ரிட்டையரான மனுஷன் அவர். அடுத்தவர் வீட்டு மீட்டரைப் பார்த்தே வாழ்ந்தவரின் மீட்டரை நான் பார்த்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம், தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம், மத்தியானப் பந்தி. ஸ்டீல் மேஜை, மேலே உருட்டிவிட்ட பேப்பர், அதன் மேல் வாழையிலை, இலை முன்னால் ஆவுடைநாயகம். அவ்வளவுதான் நடந்தது. ஒருத்தர் சாப்பிட உட்கார்ந்தார். அதற்கு மேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

சோறு வந்துவிட்டது, பருப்பும் வந்துவிட்டது, அப்பளம் பருப்பின் ஓரத்தில் நனைந்து துவள ஆரம்பித்துவிட்டது, இந்த மனுஷன் இன்னும் கை வைக்கவில்லையே என்று ஆவுடைநாயகம் பார்த்தார். இந்த மனுஷன் என்றால் வலது பக்கத்து நாற்காலியில் இரண்டு நாற்காலிக்கான உடம்போடு உட்கார்ந்திருந்த தெய்வேந்திரன், முன்னாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், பட்டா மாற்றிக் கொடுத்த கையைத் தூக்கித் தூக்கிப் பேசுகிறவர். அவர் மகன் கதிரேசனும் இவர் மகள் சுடரும் ஒரே பாங்கில் வேலை பார்க்கிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப்போய்விட்டது, ஜாதகம் பார்த்தாயிற்று, பொருந்தியாயிற்று, பாக்கி இருப்பது இந்த மனுஷனின் வாய் மட்டும்தான். "எல்லாம் சாப்பிட்டுட்டுப் பேசுவோம் ஓய்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். சாப்பிட்டால்தானே பேச. சோற்றைப் பிசைகிறார், உருட்டுகிறார், உருண்டையை மார்பு வரை தூக்குகிறார், தூக்கும்போது ஒரு பேச்சு வந்துவிடுகிறது, உருண்டை இலைக்கே திரும்பிவிடுகிறது. பிசைந்தால் கை வைத்த கணக்கா? கணக்கில்லை. வாய்க்குள் போக வேண்டும். ஊரில் அப்படித்தான். வரிசையில் மூத்தவர் முதல் கவளத்தை வாயில் போடாமல் யாரும் போடக் கூடாது, இது ஊமத்தங்குளத்துப் பழக்கம், சிமெண்டுத் தெரு வந்தும் போகாத பழக்கம். ஆவுடைநாயகம் மதுரை வில்லாபுரத்துக்குக் குடிவந்து தலை வெளுத்துவிட்டது. சொந்த ஊர் எது என்று கேட்டால் தென்காசிப் பக்கம் என்று சொல்லி நாக்கும் பழகிவிட்டது. ஓட்டலில் முண்டிக்கொண்டு முதல் ஆளாகச் சாப்பிடவும் பழகிவிட்டது. ஆனால் பெரிய பந்தியில், பக்கத்தில் ஒரு மூத்த உடம்பு உட்கார்ந்துவிட்டால், வலது கை தொடை மேல் கிடக்கிற கிடை இருக்கிறதே, அது அவருடைய கையே இல்லை, ஊர்க் கை. எடு என்கிறார். எடுக்கமாட்டேன் என்கிறது. மூத்தவராம் மூத்தவர். இந்தத் தொந்திக்கு நான் காத்திருக்க வேண்டுமா? காதில் முடி, விரலில் மூன்று மோதிரம், ஒவ்வொரு மோதிரமும் ஒவ்வொரு புஞ்சைக்காரன் வயிற்றெரிச்சலாக இருக்கும். நான்கூடத்தான் உத்தியோகம் பார்த்தேன், நாய் கடித்ததைத் தவிர எனக்கு என்ன கிடைத்தது? சுடர் காலையில் பஸ் ஏற்றிவிடும்போது சொன்னாள், "அப்பா, ஒரே ஒரு நாளைக்கு உங்க வாயைப் பூட்டி வைங்கப்பா." வாயைப் பூட்டிவிட்டேன் தாயீ. கையை என்ன செய்ய?

அந்த நேரம் பார்த்து நெய் வாளிக்காரன் எதிர் வரிசையில் யாரோ தெரிந்தவனைக் கண்டு நின்றுவிட, தெய்வேந்திரன் மண்டபம் அதிர ஒரு சத்தம் போட்டார். "என்னய்யா, நெய் வருமா வராதா? இல்ல, இது ஊமத்தங்குளத்துப் பந்தியா?" வரிசை முழுக்கச் சிரித்தது. ஆவுடைநாயகம் இலையை நேராக்குகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். இந்தச் சொலவடை இந்தப் பக்கம் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கிளம்பாத பஸ், முடியாத பாலம், தீர்ப்பு வராத வழக்கு, கல்யாணமாகாத பையன், எது இழுத்தடித்தாலும் அது ஊமத்தங்குளத்துப் பந்தி. தெரிந்துதான் சொன்னாரா? ஓரக்கண்ணால் பார்த்தாரா, இல்லை அந்தக் கண்ணே அப்படித்தானா? தெரிந்தே உருண்டையைத் தூக்கித் தூக்கி இறக்குகிறாரா? தெய்வேந்திரனுக்கு அந்தப் பக்கம் பூமிநாதன், ரிட்டையரான தமிழ் விரிவுரையாளர், இவர்களைவிட இளையவர், ஒரு பக்கத் தாடையில் உருளைக்கிழங்கை அடக்கிக்கொண்டே, "அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு அண்ணாச்சி" என்றார். வந்துவிட்டான் வரலாற்றோடு. வாயில் கிழங்கு இருக்கும்போதுதான் இவன்களுக்கு வரலாறு வரும். "ஊமத்தை நச்சுச் செடி. அந்தக் குளத்துக்கரை பூரா ஊமத்தை. பாளையக்காரர் விருந்துக்கு வந்தப்ப, நஞ்சு கிஞ்சு கலந்திருக்குமோன்னு ஒருத்தரைத் தின்னு பார்க்கச் சொல்லி, அவரு நல்லா இருக்காரான்னு பந்தியே காத்திருந்தது. அதுலேர்ந்து வந்த வழக்கு. நான் ஒரு கருத்தரங்குலயே இதைக் கட்டுரையா வாசிச்சிருக்கேன்." வாசித்திருப்பாய். கேட்டவன் எல்லாம் டீக்கு எழுந்து போயிருப்பான். குளத்துக்கரையில் ஒரு ஊமத்தை கிடையாதடா மூதேவி, கருவேல முள்ளுதான், காலில் குத்தினால் தெரியும் உனக்குக் கட்டுரை. பாளையக்காரனாவது வருவதாவது, அந்த ஊருக்கு மினி பஸ்ஸே மழை பெய்தால் வராது. சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் நிற்கிறது. வாயைப் பூட்டு, பூட்டு.

"அட போப்பா நஞ்சும் பிஞ்சும்" என்றார் தெய்வேந்திரன், உருண்டையை மறுபடி தூக்கி. போகிறது, வாய்க்குப் போகிறது, திறந்துவிட்டது, ஆவுடைநாயகத்தின் விரல்கள் தொடையை விட்டு எழுந்தேவிட்டன, ஐயோ, இறக்கிவிட்டார். "அவனுக மூளை இல்லாத பயலுக, அவ்வளவுதான் விசயம். ஊர்ப் பெரியவரு கை வைக்கணும்னு உக்காந்திருக்கானுக. அந்த ஆளு கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கிட்டான். எழுப்புறதுக்கும் பயம், திங்கிறதுக்கும் பயம். மத்தியானம் உக்காந்தவன் விளக்கு வைக்கிற வரைக்கும் இலையைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கான். இப்படி ஒரு ஊரு எங்கயாவது உண்டாய்யா?" மறுபடி சிரிப்பு. நெய் வந்தது, இலையில் விழுந்தது, விழுந்த இடத்திலேயே வெளுத்து உறைந்தது. இதே சிரிப்பு. இந்தச் சிரிப்பை ஆவுடைநாயகம் முன்பே கேட்டிருக்கிறார், வேறு வாய்களிலிருந்து. அக்கா சண்முகக்கனியைப் பேசி முடிக்கப் போன வீடு, கழுகுமலைப் பக்கம், நல்ல கல் வீடு. பெண் வீட்டார் என்று மரியாதையாகத்தான் இலை போட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருத்தர், மீசை வெற்றிலைக்காம்பு மாதிரி, வரிசைக்கு மூத்தவர், விஷயம் தெரிந்தவர், வேண்டுமென்றே கை வைக்காமல் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார், விசிறிக்கொண்டார், ஊர் உலகம் பேசினார். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா உட்கார்ந்திருந்தார். டவுசர் போட்ட ஆவுடைநாயகமும் பசியில் காது அடைக்க உட்கார்ந்திருந்தார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தமும் அமுக்கின சிரிப்பும். கடைசியில் அந்தப் பெரியப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார், சாப்பிடாமலே. போகும்போது பரிமாறுகிறவனிடம், "இவுகளுக்குச் சாவி குடுத்து விடுப்பா" என்றார். பிறகு ஆள் வந்து சொன்னது, வேறு ஊரில் பெண் பார்க்கிறோம், மந்தமான வம்சம், பிள்ளைகளுக்கும் வந்துவிடும் என்று. அக்கா அதற்கப்புறம் பெண் பார்க்க யாரையும் வரவிடவில்லை. இன்றைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா, தான் சாப்பிட உட்காரும்போது கதவைச் சாத்திக்கொள்வாள்.

அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில்தான் அப்பா சொன்னார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பருத்திக்காட்டிடம் சொல்லுகிற மாதிரி சொன்னார். டேய், நம்ம ஆளுக முட்டாளுக இல்லை. அன்றைக்கு நம் ஊர்ப் பந்தியில் உட்கார்ந்த பெரியவர், கட்டையப்பெருமாள், தூங்கவில்லை. இலை போட்டுச் சோறு விழுந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். உட்கார்ந்த மேனிக்கு, கண் திறந்தபடிக்கு. கல்யாணப் பெண்ணுக்குச் சொந்தப் பெரியப்பா. சாவு என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் பங்காளி வீடு அத்தனைக்கும் தீட்டு, கல்யாணம் நின்றுபோகும், நின்ற பெண்ணை எவன் கட்டுவான். அந்தக் காலத்தில் நம் ஊரில் மத்தியானம் பந்தி, விளக்கு வைக்கிற நேரம்தான் தாலி. பெரியவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தது உன் தாத்தா. அவர்தான் முதலில் பார்த்தார். பார்த்தார், ஒரு சத்தம் இல்லை, தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். வலது பக்கத்து ஆளும் தோள் கொடுத்தார். வரிசை முழுக்க ஆள் ஆளாக விஷயம் போயிற்று, வாயால் இல்லை, முழங்கையால். எழுந்தால் எதிர் வரிசையில் சாப்பிடுகிற மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும். பிணத்தோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. அதனால் உட்கார்ந்தார்கள். என்ன என்று கேட்டவனிடமெல்லாம், பெரியவர் இன்னும் கை வைக்கலை என்று சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள், சாப்பிட்டு எழுந்தார்கள், மறுபடி வந்து பார்த்துச் சிரித்தார்கள். ஈ மொய்த்தது, விசிறினார்கள். தாலி கட்டினதும் பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர் முன்னால் வந்து விழுந்தார்களாம். உன் தாத்தா துண்டுக்கு அடியில் கையை விட்டு, செத்தவர் கையைத் தூக்கி, இரண்டு தலையிலும் வைத்தார். மாப்பிள்ளை வண்டிகள் குளத்துக்கரை தாண்டின பிறகுதான் முதல் அழுகைச் சத்தம். மறுநாள் விடியக்காலம் செத்தார் என்று மேற்கே மாப்பிள்ளை ஊருக்கு ஆள் அனுப்பினார்கள். இன்னிக்கு வரைக்கும் ஊர் வெளியே சொன்னதில்லை. சொன்னால் அந்தத் தாலிக்குத் தோஷம். உலகம் நம்மை மடையன் என்கிறது, சொல்லிட்டுப் போகட்டும். அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். அப்படிச் சொல்லிவிட்டு அப்பா ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டார். பெண் யார், மேற்கே எங்கே போனாள், அப்பாவுக்கும் தெரியாது.

"என்ன ஓய், பேச்சையே காணும்" என்றார் தெய்வேந்திரன், முழங்கையால் இடித்து. ஆவுடைநாயகம் பல்லைக் காட்டினார். சாம்பார் வாளி வந்து இலைக்கு மேலே தயங்கியது, பருப்புச் சோறே அப்படியே இருக்கிறதே என்று. வேண்டாம் என்று இடது கையை ஆட்டினார். பூமிநாதன் விடுவதாக இல்லை. "நீங்க சொல்றதுக்கு ஆதாரம் வேணுமில்ல அண்ணாச்சி? வாய்மொழியை அப்படியே எடுத்துக்கிட முடியாது." ஆதாரமாம். "ஆதாரமா? எங்க அப்பாவைப் பெத்த ஆத்தா கல்யாணத்துப் பந்திடா அது!" என்றார் தெய்வேந்திரன். "ஆத்தா பேரு வெயிலுகந்தாள். ஊமத்தங்குளத்துக்காரி. எங்க தாத்தா வீட்டு ஆளுகதான் எதிர் வரிசையில உக்காந்து பாத்தது. அவுக வந்து ஊர் ஊராச் சொல்லித்தான் இந்தச் சொல்லே பெறந்துச்சு. எங்க வீட்டுச் சரக்கு இது, என்கிட்டயே ஆதாரம் கேக்கான்." ஆவுடைநாயகத்துக்கு மண்டபத்து மின்விசிறிச் சத்தம் சட்டென்று நின்ற மாதிரி இருந்தது. நிற்கவில்லை, சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "ஆனா ஒண்ணு" என்றார் தெய்வேந்திரன், குரலை இறக்கி, பக்தியாக, "அந்தப் பெரியவரு ரொம்பப் பெரிய மனுஷனாம். காலுல விழுந்தப்ப தலையில கையை வச்சாராம். ஆத்தா சாகுற வரைக்கும் சொல்லும், பானைத் தண்ணி மாதிரி அப்படிக் குளுந்த கைன்னு. எங்க வம்சம் தழைச்சதே அந்தக் கையாலதான்."

பிணத்தின் கை ஓய் அது. ஒரு சொல். ஒரே ஒரு சொல், பல்லுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டது, கரும்புச் சக்கையைப் போல துப்பினால்தான் போகும் என்கிறது. சொன்னால் இந்த முகம் என்னாகும்? அந்தக் கன்னம் இரண்டும் எப்படித் தொங்கும்? உம் தாத்தா கட்டின தாலி சாவு வீட்டில் கட்டின தாலி. உம் அப்பன், நீர், உம் மகன், உம் மூன்று மோதிரம் எல்லாம் என் தாத்தா துண்டுக்கடியில் தூக்கிப் பிடித்த பிணத்தின் கையால் தழைத்தது. எந்தப் பயல்களை மூளை இல்லாதவர்கள் என்கிறீரோ, அவர்கள் பசியோடு உட்காராமல் போயிருந்தால் நீர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து இப்படி உருட்டிக்கொண்டிருக்க மாட்டீர். ஆஹா, என்ன ருசி. பாயசத்தைவிட ருசி. அக்காவுக்காக ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாளே, அவளுக்காக. சொன்னால்? தோஷம் என்பார். இந்த மாதிரி ஆள் ராகுகாலம் பார்த்துத்தான் பல் விளக்குவான். ஜோசியனிடம் ஓடுவான், பரிகாரம் என்பான், அந்த ஊர்ச் சகவாசமே வேண்டாம் என்பான். சுடர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சம்பளத்தை எண்ணிக்கொண்டு, அப்பா ஒரு நாளைக்கு வாயைப் பூட்டச் சொன்னேனேப்பா என்று கேட்கக்கூட மாட்டாள், அவளும் ஒரு கதவைச் சாத்திக்கொள்வாள். மடையன் என்று இருந்துவிட்டுப் போகலாம். அன்றைக்கு முப்பது பேர் அப்படி இருந்தார்கள், நாற்பது பேரோ, மத்தியானம் முழுக்க, யாரோ ஒருத்தன் மகளுக்காக. இது என் மகள். நினைக்க நினைக்க இந்தத் தொந்தி மேல் ஒரு விதமான இளக்காரம், இளக்காரத்திலும் இனிப்பு, விஷயம் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கிற இனிப்பு, உள்ளே கசிந்தது.

"ஏன் ஓய்" என்றார் தெய்வேந்திரன் திடீரென்று, இவர் இலையைப் பார்த்து. அப்பளம் செத்துவிட்டிருந்தது, நெய் வெள்ளைத் தழும்பாகக் கிடந்தது, சோறு அள்ளிப் போட்ட மேனிக்குக் குன்றாக இருந்தது. "ஒரு பருக்கை எறங்கலை! நீரும் ஊமத்தங்குளமா?" பூமிநாதனுக்குப் புரையேறிவிட்டது. எதிர் வரிசை திரும்பிப் பார்த்தது. இல்லை என்று ஒரு சொல் போதும். தென்காசிப் பக்கம் என்று பழகின நாக்கு புரள ஆரம்பித்தும்விட்டது. "ஆமா" என்றார் ஆவுடைநாயகம். அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "ஊமத்தங்குளந்தான். மேலத்தெரு. இத்தனை நாளாச் சொல்லலை, வெக்கம். வரிசைக்கு மூத்தவங்க நீங்க. நீங்க வாயில வைக்காம நான் எப்படிச் சாப்பிட?" சிரிப்பு வரும் என்று தோளைக் குறுக்கினார். வரவில்லை. தெய்வேந்திரனின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், வரிசைக்குக் கேட்டதா என்று பார்த்தார். "எனக்காகவா? இவ்வளவு நேரமும் எனக்காகவா?" "ஆமாங்க." "கேட்டியாடா பூமிநாதா? மரியாதைன்னா என்னன்னு கேட்டுக்க. எங்க மூத்த சம்பந்தி இருக்கானே, நான் உக்காருறதுக்குள்ள பாயசத்துக்குப் போயிருவான்." நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். உருண்டையை எடுத்தார், மண்டபம் பார்க்க உயர்த்தினார், பட்டாபிஷேகத்துக்கு முடியை இறக்குகிற மாதிரி மெதுவாக வாயில் இறக்கினார். மென்றார். "சாப்பிடும் சம்பந்தி, சாப்பிடும்" என்றார் மென்றபடியே. காலையிலிருந்து ஓய், ஓய் என்றிருந்தவர். ஆவுடைநாயகத்தின் கை எழுந்தது. ஆறிப்போன பருப்பு இவ்வளவு நன்றாக இருக்குமா? "அப்ப அது நெசந்தானா? எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடக்கூடவா தெரியாது உங்க ஆளுகளுக்கு?" "நெசந்தான். வெவரம் பத்தாத ஆளுக" என்றார் ஆவுடைநாயகம், அப்பளத்தை மடித்து வாயில் போட்டு. "சரி, கல்யாணத்தை ஆவணியிலேயே வச்சிருவோம்" என்றார் தெய்வேந்திரன். "ஒண்ணு மட்டும் செய்யணும் நீங்க. உங்க ஊர்ப் பெரியவர் யாராச்சும் இருப்பாருல்ல? கூட்டிக்கிட்டு வாங்க. அதே மாதிரி குளுந்த கையா, பிள்ளைக தலையில படட்டும்." ஆவுடைநாயகத்துக்கு அந்தக் கவளம் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, முகம் சிவக்க, தோள் இரண்டும் குலுங்க மேஜையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, மகளை நெனச்சு அழுதுட்டாரு" என்று தெய்வேந்திரன் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கல்யாணம் நடந்தது. நான் மொய் எழுதிவிட்டு வந்தேன். ஊர்ப் பெரியவராக எவரைக் கூட்டிவந்தார்கள், அவர் கையை எதில் முக்கி வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது; தெரிந்தாலும் சொல்வதாக இல்லை. சுடருக்கு இப்போது ஏழாம் மாதம். அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். இதைக் கேட்டீர்கள், சிரித்தீர்கள், சந்தோஷம். அந்தச் சொலவடையை எங்கேயாவது யாராவது சொன்னால், நீங்களும் முட்டாள் ஊர் என்று சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுங்கள். தெய்வேந்திரன் நல்ல காது உள்ளவர், நானும் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறேன். யார் சொன்னது என்று எவனாவது துருவினால், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரன், பேர் தெரியாது, வழியில் இறங்கிவிட்டான் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.